கடற்பனி கரையும் ஆழம்

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், கடலின் மேற்பரப்பில் உருவாகும் உயிர்ப்பொருள் துகள்களாகக் கீழே விழுந்து ஆழத்தில் சிதைகிறது என்றும், அதில் அடங்கியிருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரோடு மீண்டும் மேலே வருகின்றன என்றும், இந்தச் சுழற்சியைக் கணினி மாதிரிகளைக் கொண்டு ஆராய்கிறார்கள் என்றும் ஒரே பத்தியில் எழுதியிருந்தோம். அந்தப் பத்தி பலருடைய ஐயங்களைக் கிளறிவிட்டிருக்கிறது. வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கேள்விகளுக்கு இம்மாதம் விடை தருகிறோம்.

கேள்வி: இறந்த உயிரிகளோடு சத்துப்பொருள்கள் ஓயாமல் கீழே போய்க்கொண்டே இருந்தால், இத்தனை கோடி ஆண்டுகளில் கடலின் மேற்பரப்பு வெறுமையாகியிருக்க வேண்டாமா?
— பள்ளி ஆசிரியை, காரைக்குடி

மேற்பரப்பின் பெரும்பகுதி ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருக்கிறது. வெப்பமண்டலப் பெருங்கடல்களின் நடுப்பகுதி கண்ணாடிபோல் தெளிந்து ஆழ்ந்த நீலமாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே நுண்பாசிகள் மிகக் குறைவாக இருப்பதுதான். அந்த நீரை எடுத்துச் சோதித்தால் நைட்ரேட் இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கும். அதே இடத்தில் சில நூறு மீட்டர் கீழிருந்து எடுத்த நீரில் அது தாராளமாக இருக்கும். வெளிச்சம் உள்ள இடத்தில் சத்து இல்லை, சத்து உள்ள இடத்தில் வெளிச்சம் இல்லை என்ற இந்தப் பிரிவினையை உண்டாக்கி, நாள்தோறும் அதைக் காத்தும் வருபவை விழும் துகள்களே.

நுண்பாசிகளின் உடல்கள், அவற்றை மேயும் நுண்விலங்குகளின் கழிவுருண்டைகள், அவை உதறிய ஓடுகள், சளிபோன்ற கசிவுகள் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுத் திரள்களாகி மெல்ல இறங்குகின்றன. 1950களின் தொடக்கத்தில் ‘குரோஷியோ’ என்ற கடலடிக் கூண்டின் சாளரம் வழியே விளக்கொளியில் இவற்றைக் கண்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘கடற்பனி’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பனியைப் பார்த்திராத நம் ஊரில், இலவம் பஞ்சு காற்றில் மிதந்து இறங்குவதை நினைத்துக்கொண்டால் காட்சி பொருந்தும்.

இறங்கும் வழியிலேயே பாக்டீரியாக்களும் சிறு விலங்குகளும் இந்தத் திரள்களைத் தின்று சிதைத்து, அவற்றில் கட்டுண்டிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மீண்டும் கரைந்த உப்புகளாக நீரில் விடுகின்றன. காட்டில் உதிரும் இலை மட்கி எருவாவதைப் போன்ற செயல்தான் இது. ஆனால் காட்டில் எரு கிடக்கும் இடத்திலேயே வேரும் இருக்கிறது. கடலில் எரு உருவாகும் இடத்துக்கும் இலை தழைக்கும் இடத்துக்கும் இடையே பல நூறு மீட்டர் இருண்ட நீர் நிற்கிறது. அதைக் கடந்து சத்தை மேலே கொண்டுவர நீரின் அசைவைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த அசைவு பல வகைப்படும். குளிர்காலக் காற்று மேல்நீரைக் குளிர்வித்துக் கலக்கும்போது, ஓரிரு நூறு மீட்டர் ஆழத்தில் கரைந்த சத்து சில மாதங்களிலேயே திரும்பிவிடும். பெரு நாட்டுக் கரையிலும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது சோமாலியா, ஓமன் கரைகளிலும், காற்று மேல்நீரை விலக்குவதால் அடிநீர் மேலே எழும்புகிறது. அங்கெல்லாம் மீன்வளம் பெருகியிருப்பதன் காரணம் அதுவே. இன்னும் ஆழத்தில் கரைந்த சத்து, உலகைச் சுற்றி ஊரும் ஆழ்கடல் நீரோட்டத்தில் சிக்கி, ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பயணம் செய்த பிறகே வெளிச்சத்தைக் காணும். நீண்ட காலம் ஆழத்திலேயே ஊர்ந்த நீரில் விழுந்த துகள்களின் சத்தும் சேர்ந்துகொண்டே போவதால், அந்தப் பயணத்தின் கடைக்கோடியில் உள்ள வடபசிபிக்கின் ஆழ்நீரில் பாஸ்பேட்டின் செறிவு வட அட்லாண்டிக்கின் ஆழ்நீரைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருக்கிறது.

கடலடி மண்ணில் நிலையாகப் புதைந்துபோவது மிகச் சிறிய பங்கு. அந்த இழப்பை ஆறுகள் கொண்டுவரும் சத்து ஈடுசெய்கிறது. ஒரு பாஸ்பரஸ் அணு கடலுக்குள் நுழைந்து கடைசியில் மண்ணில் புதைவதற்குள் பல பத்து முறை மேலேறிக் கீழிறங்கிவிடுகிறது. எனவே தாங்கள் கேட்ட கேள்வியின் விடை, சத்து கீழே போகிறதா இல்லையா என்பதில் இல்லை. எந்த ஆழத்தில் துகளிலிருந்து விடுபடுகிறது என்பதில் இருக்கிறது. 150 மீட்டரில் விடுபட்டால் அடுத்த பருவத்திலேயே திரும்பும், 3000 மீட்டரில் விடுபட்டால் பல நூற்றாண்டுகள் ஆகும். அடுத்து வரும் விடைகள் எல்லாமே இந்த ஓர் ஆழத்தைச் சுற்றித்தான் அமைகின்றன.

கேள்வி: இவ்வளவு சிக்கலான நிகழ்ச்சியைச் சமன்பாடாக எப்படி எழுதுகிறார்கள்? இயற்பியல் படிக்கும் மாணவிக்குப் புரியும் அளவில் சொல்ல இயலுமா?
— இளநிலை மாணவி, தூத்துக்குடி

இயலும், அடிப்படை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கடலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரவு-செலவுக் கணக்கு எழுதுகிறார்கள். ஒரு பெட்டியில் பாஸ்பேட் மாறும் வேகம் என்பது, நீரோட்டமும் கலக்கமும் கொண்டுவந்து சேர்ப்பது, அதில் வெளிச்சம் இருந்தால் நுண்பாசிகள் எடுத்துக்கொள்வதைக் கழித்தது, மேலிருந்து விழும் துகள்கள் அங்கே சிதைந்து விடுவிப்பதைக் கூட்டியது, அவ்வளவுதான். புதைவதையும் ஆற்று வரவையும் ஒதுக்கிவிட்டால், கடல் முழுவதற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டதும் விடுவித்ததும் சமமாக இருக்க வேண்டும். நீரோட்டத்தை இயற்பியல் தருகிறது. விடுவிப்பு எந்த ஆழத்தில் எவ்வளவு என்பதை மட்டும் வேறொரு விதி தர வேண்டும்.

பாஸ்பேட் ஒன்றை மட்டும் கணக்கிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934ஆம் ஆண்டு முதல் எடுத்துக்காட்டிவந்த ஓர் ஒழுங்கு இங்கே கைகொடுக்கிறது. மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் இருக்கின்றன. ஆழ்நீரில் கரைந்துள்ள நைட்ரேட், பாஸ்பேட்டின் விகிதமும் அதையே ஒட்டியிருக்கிறது. ஆகவே ஒன்றின் கணக்கிலிருந்து மற்றவற்றை ஊகிக்கலாம். ஒரு பாஸ்பரஸ் அளவுக்கு உயிர்ப்பொருள் சிதையும்போது செலவாகும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் 138 என்பது பழைய கணக்கு. பிற்கால மதிப்பீடுகள் 170 வரை செல்கின்றன. துகள் சிதையும் ஆழத்தில் சத்து கூடும், ஆக்சிஜன் குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வங்கக்கடலைப் பற்றிய கேள்விக்கு அது தேவைப்படும்.

இனி அந்த விதி. விழும் துகளின் அளவை விழுபாயம் என்று சொல்வோம். ஒரு துகள் நாளொன்றுக்கு 20 மீட்டர் என்ற மாறாத வேகத்தில் இறங்குகிறது, நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதத்தில் சிதைகிறது என்று கொண்டால், விழுபாயம் ஆழத்தோடு கதிரியக்கச் சிதைவைப் போன்ற வடிவில் குறையும். 100 மீட்டர் ஆழத்தைக் கடந்ததில் 1000 மீட்டரை எட்டுவது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. 4000 மீட்டரில் எதுவுமே மிஞ்சாது. ஆனால் 4000 மீட்டர் ஆழக் கடலடியிலும் உயிர்கள் வாழ்கின்றன, அவற்றுக்கு மேலிருந்து உணவு வருகிறது. எனவே இந்த எளிய ஊகம் செல்லாது.

அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் வடகிழக்குப் பசிபிக்கில் பல ஆழங்களில் பொறிகளைத் தொங்கவிட்டு, விழுவதைப் பிடித்து அளந்து, 1987இல் ஒரு வளைகோட்டை வெளியிட்டார்கள். ஓர் ஆழத்தின் விழுபாயத்தைப் பெற, அந்த ஆழத்தை 100ஆல் வகுத்து, வந்த எண்ணை −0.858 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 100 மீட்டரின் விழுபாயத்தால் பெருக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: 200 மீட்டரில் 55 சதவீதம், 500இல் 25, 1000இல் 14, 4000இல் 4 சதவீதம் மிஞ்சும். முதல் சில நூறு மீட்டரில் பெரும்பங்கு அழிகிறது. பிறகு நீளமான வால்போல் ஒரு சிறு பங்கு அடிவரை தொடர்கிறது.

இந்த அடுக்கு விதி எங்கிருந்து வருகிறது என்பதைத் தாங்களே தாளில் வருவித்துப் பார்க்கலாம். சிதைவு வீதத்தை மாறிலியாகவே வைத்துக்கொண்டு, இறங்கும் வேகம் ஆழத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று வைத்துத் தொகையீடு செய்யுங்கள். சரியாக அடுக்கு விதியே கிடைக்கும். அடுக்குக்குறி என்பது சிதைவு வீதத்தை, மீட்டருக்கு மீட்டர் வேகம் கூடும் அளவால் வகுத்த ஈவாக அமையும். நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு சிதைவு என்றால், மார்ட்டினின் 0.858 கிடைப்பதற்கு வேகம் 100 மீட்டரில் நாளுக்குச் சுமார் 12 மீட்டராகவும் 1000 மீட்டரில் சுமார் 117 மீட்டராகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு துகளும் கீழே போகப்போக விரைகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மெதுவாக இறங்குபவை மேலேயே சிதைந்து மறைந்துவிடுவதால், ஆழத்தில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் விரைந்து இறங்குபவை. அதனால் கூட்டத்தின் சராசரி வேகம் கூடுகிறது. எளிதில் தின்னக்கூடிய பகுதி முதலில் தீர்ந்து, கடினமான பகுதி மிஞ்சுவதாலும், கீழ்நீர் குளிர்ந்திருப்பதாலும் சிதைவு வீதமே குறைந்தாலும் இதே வடிவம் வரும். ஒரே வளைகோட்டைப் பல காரணங்கள் உண்டாக்க முடியும் என்பதுதான் இத்துறையின் உண்மையான இடர்ப்பாடு. வளைகோடு பொருந்திவிட்டது என்பதால் காரணம் புரிந்துவிட்டது என்று ஆகாது.

அந்த 0.858 உலகம் முழுவதற்கும் ஒரே எண் அன்று. பாஸ்பேட்டின் பரவலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மேலடுக்கை விட்டு விழுவதில் 1000 மீட்டரைச் சென்றடைவது துணைவெப்பமண்டலச் சுழல்களில் (பெருங்கடல்களின் நடுவே மெல்லச் சுழலும் பரந்த நீர்ப்பகுதிகளில்) ஏறத்தாழ 5 சதவீதம் என்றும், துருவத்தை ஒட்டிய கடல்களில் ஏறத்தாழ 25 சதவீதம் என்றும் காட்டியது. ஐந்து மடங்கு வேறுபாட்டை ஒற்றை எண்ணுக்குள் அடைக்கும் மாதிரியின் முடிவுகளை அந்த அளவுக்கே நம்ப வேண்டும்.

கேள்வி: இன்றைய மீத்திறன் கணினிகளால் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடர முடியாதா? ஏன் இன்னும் சராசரி வளைகோட்டையே நம்பியிருக்க வேண்டும்?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

முடியாது. உலகக் கடல் மாதிரிகளில் ஒரு பெட்டியின் பக்கம் பல வேளைகளில் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். அதற்குள் அடங்கும் துகள்களோ, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலிருந்து விரல் நீளத் திரள்கள் வரை எண்ணில் அடங்காதவை.

அதைவிடப் பெரிய தடை காலம். மாதிரியில் சத்துப் பரவல் நிலைபெறுவதற்கு ஆழ்கடல் நீர் பலமுறை சுற்றிவர வேண்டும். அதாவது, கணினிக்குள் சில ஆயிரம் ஆண்டுகள் கழிய வேண்டும். விதியில் ஓர் எண்ணை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்க, நீரோட்டத்தின் விளைவை ஒருமுறை கணக்கிட்டு மாபெரும் அணிகளாக (மேட்ரிக்ஸ்) சேமித்து வைத்துக்கொண்டு, பிறகு அணிப்பெருக்கலால் மட்டும் சத்தை நகர்த்தும் முறையைக் கடலியலாளர் சமர் கட்டிவாலா 2005இல் வகுத்தளித்தார். அணிகளோடு பழகிய தங்களுக்கு இதன் அழகு உடனே புரியும். இந்த முறை வந்த பின்னர்தான், துகள் விதியை நூற்றுக்கணக்கான விதங்களில் மாற்றி மாற்றிச் சோதிப்பது பலருக்கும் கைக்கு எட்டியது.

தனித்துகளுக்கும் ஒற்றை வளைகோட்டுக்கும் நடுவழி ஒன்று உண்டு: துகள்களை அளவு வாரியாக வகுப்புகளாகப் பிரிப்பது. இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதிப்படி, திண்மையான சிறு உருண்டையின் இறங்கும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள தனிச்செல், நீரைவிட ஐந்து சதவீதம் கனமானதாக இருந்தால்கூட, நாளுக்கு அரை மீட்டர்கூட இறங்காது. 4000 மீட்டர் ஆழத்தைத் தொட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதற்குள் சிதைந்துவிடும். ஒட்டித் திரண்ட கடற்பனியோ நாளுக்கு 100 மீட்டர் இறங்கி நாற்பது நாளில் அடியைத் தொடக்கூடும். ஆனால் திரள் பெருக்கப் பெருக்க அதனுள் நீர் நிறைந்த இடைவெளிகளும் பெருகுவதால், வேகம் ஸ்டோக்ஸ் சொன்ன அளவுக்குக் கூடுவதில்லை. மோதி ஒட்டுவது, உடைவது, நுண்விலங்குகளால் கிழிபடுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறிலி வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு நம்பகமான அளவீடு அரிது. மாதிரியில் நுணுக்கம் கூடுவதும் அறிவு கூடுவதும் ஒன்றல்ல. பொருத்திக்கொள்ளக்கூடிய மாறிலிகள் பெருகப் பெருக, தவறான காரணத்தால் சரியான விடை கிடைப்பதும் எளிதாகிவிடுகிறது. இதைத் தங்களைப் போன்றவர்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு ஒரு சான்று: 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த மாதிரிகளில், நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் கிழக்குப் பகுதியில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பாஸ்பேட் இயற்கையில் உள்ளதைவிட மிக அதிகமாகத் தேங்கியது. எழும்பும் நீர் சத்தைக் கொண்டுவர, அங்கேயே வளர்ந்த நுண்பாசிகள் துகளாக விழுந்து அதே நீரில் மீண்டும் கரைய, சத்து அந்த வட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ‘சத்துப் பொறி’ என்று இதை அழைத்தார்கள். உயிர்ப்பொருளின் ஒரு பங்கு துகளாக விழாமல், கரைந்த கரிமப் பொருளாக நீரோட்டத்தோடு விலகிச் செல்கிறது என்று சேர்த்தபோது தேக்கம் குறைந்தது. பிற்காலத்தில் நீரோட்டத்தைச் செம்மையாகக் கணக்கிட்ட மாதிரிகளில், துகள் விதியைத் தொடாமலேயே அந்தத் தேக்கத்தில் பெரும்பங்கு தானாகக் குறைந்தது. நீரோட்டத்தில் இருந்த பிழையைத் துகளின் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

கேள்வி: மாதிரி சரியா என்று பார்க்க, விழும் துகளை நேரடியாக அளப்பது எப்படி?
— வாசகர், ஈரோடு

வாய் அகன்ற கூம்பு அல்லது உருளையை நங்கூரக் கயிற்றில் ஆழத்தில் நிறுத்துகிறார்கள். அடியில் உள்ள குப்பிகள் குறித்த நாளில் தானாக மாறும். உள்ளே விழுந்தவை அழுகாமல் இருக்க மருந்து இடப்பட்டிருக்கும். வண்டல் பொறி என்ற இந்தக் கருவி ஓராண்டு வரை கடலில் நின்று, எந்தப் பருவத்தில் எவ்வளவு விழுந்தது என்ற பதிவைத் தருகிறது. மேலடுக்குகளில் நீரோட்டம் வேகமாக இருப்பதால் துகள்கள் வாயைத் தாண்டி அடித்துச் செல்லப்படும்; நீந்திவரும் சிறு விலங்குகள் தாமாகவே உள்ளே நுழைந்து மாட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். ஆழத்தில் நம்பகம் கூடுதல்.

மேலடுக்குக்கு வேறொரு வழி இருக்கிறது. கடல்நீரில் கரைந்துள்ள யுரேனியம்-238 சிதைந்து தோரியம்-234 ஓயாமல் உருவாகிறது. யுரேனியம் கரைந்தே இருக்கும். தோரியமோ துகள்களில் ஒட்டிக்கொள்ளும். அதன் அரைவாழ்வு 24 நாள். துகள் எதுவும் விழாவிட்டால் இரண்டின் கதிரியக்கமும் சமமாக இருக்க வேண்டும். தோரியம் எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவைத் துகள்கள் சுமந்துகொண்டு இறங்கிவிட்டன என்று பொருள். பொறியே வைக்காமல், இயற்கை தானே நடத்திவரும் கடிகாரத்தைப் படிப்பது போன்ற இந்த முறை எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. அண்மைக் காலத்தில், நீருக்குள் இறக்கப்படும் ஒளிப்படக் கருவிகளும், மாதக்கணக்கில் தானே ஏறி இறங்கும் மிதவைகளும் துகள்களின் எண்ணிக்கையையும் அளவையும் பதிந்து தருகின்றன.

கேள்வி: அரபிக்கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜனே இல்லாத பெரும் பகுதி இருப்பதாகப் படித்தேன். நாங்கள் தொழில் செய்யும் வங்கக்கடலிலும் அப்படி இருக்கிறதா? ஆற்று வண்டலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர், நாகப்பட்டினம்

தொடர்பு உண்டு என்று கருதப் போதிய காரணம் இருக்கிறது. ஆனால் வண்டல் மட்டுமே காரணம் அன்று.

அரபிக்கடலில் பருவக்காற்று அடிநீரை எழுப்புவதால் மேற்பரப்பில் உற்பத்தி மிகுதி. அங்கிருந்து விழும் துகள்கள் சிதையும்போது, சுமார் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோகிறது. இந்த அடுக்கின் மேற்பகுதியில், ஆக்சிஜன் கிட்டாத பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் பயன்படுத்திக்கொண்டு அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. எருவாகத் திரும்ப வேண்டிய சத்து காற்றாகிப் போய்விடுகிறது. உலகத் திறந்த கடல்களில் இந்த இழப்பு பெரிய அளவில் நடைபெறும் மூன்று முதன்மையான இடங்களில் அரபிக்கடலும் ஒன்று.

வங்கக்கடலின் நடு ஆழத்திலும் ஆக்சிஜன் மிகக் குறைவுதான். ஆனால் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. மிக நுண்ணிய கருவிகளைக் கொண்டு அளந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, அங்கே ஆக்சிஜனின் சுவடு எஞ்சியிருக்கிறது. நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்கள் அங்கு இருந்தும், அந்தச் சுவடே அவற்றைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துகிறது. விளிம்பில் நிற்கும் கடல் என்று இதைச் சொல்லலாம். விழும் துகளின் அளவோ சிதையும் ஆழமோ சற்று மாறினாலும் அந்தச் சுவடு தீர்ந்துபோகலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. என் கவலையும் அதுவே.

இந்த வேறுபாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கொட்டும் நன்னீர், உப்புநீர்மேல் ஒரு மூடிபோலப் பரவுகிறது. காற்றால் அந்த மூடியைக் கிழித்து அடிநீரை எளிதில் எழுப்ப முடிவதில்லை. எழும்பும் சத்து குறைவு, அதனால் உற்பத்தி குறைவு, அதனால் கீழே செலவாகும் ஆக்சிஜனும் குறைவு. இது முதல் விளக்கம்.

இரண்டாவது விளக்கம் வண்டலைப் பற்றியது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மட்டுமே ஆண்டுக்கு நூறு கோடி டன் அளவில் வண்டலைக் கொண்டுவருகின்றன. கடலடியில் அது படிந்து உண்டான வங்க விசிறி, ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் நீளத்துக்கு இலங்கையையும் தாண்டித் தெற்கே நீள்கிறது. கரையிலிருந்து வெகுதொலைவு மிதந்துவரும் நுண்களிமண், கடற்பனித் திரளில் ஒட்டிக்கொள்ளும்போது திரள் கனக்கிறது. வலை அடியில் இறங்குவதற்கு ஈயக்குண்டு கட்டுவதைத் தாங்கள் அறிவீர்கள். களிமண் அதே வேலையைச் செய்கிறது. கனத்த திரள் நடு ஆழத்தை விரைந்து கடந்துவிடுவதால், அங்கே சிதைவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஆக்சிஜன் செலவும் குறைகிறது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் 1980களின் பிற்பகுதியிலிருந்து இரு கடல்களிலும் வண்டல் பொறிகளை நிறுத்தி அளந்தபோது, மேற்பரப்பு உற்பத்தி குறைவான வங்கக்கடலிலும் ஆழத்துக்கு வந்து சேரும் கரிமப் பொருள் அரபிக்கடலோடு ஒப்பிடத்தக்க அளவில் இருந்தது. ஆற்றுக் களிமண்ணின் எடை இதில் பங்கு வகிக்கிறது என்ற கருத்து அந்த அளவீடுகளிலிருந்தே வலுப்பெற்றது.

உலகளாவிய பொறித் தரவுகளை 2002இல் ஆராய்ந்தவர்கள், சுண்ண ஓடுகளே மிகுந்த எடையை ஏற்றுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். வங்கக்கடலைப் பொறுத்தவரை ஆற்றுக் களிமண்ணையும் சேர்க்காத மாதிரியை நான் நம்பத் தயங்குவேன். கோதாவரி, கிருஷ்ணா போன்ற ஆறுகளில் அணைகள் வண்டலைத் தடுத்துவிட்டதால் கடலுக்கு வரும் அளவு பெரிதும் குறைந்துவிட்டது. ஆகவே மாதிரியில் ஆற்று வண்டலை மாறாத எண்ணாக வைக்காமல், ஆண்டுக்கு ஆண்டு மாறும் உள்ளீடாக வைக்க வேண்டும். நன்னீர் மூடியின் பங்கு எவ்வளவு, வண்டலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய, ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்து ஓட்டிப் பார்க்கக்கூடிய மாதிரியைத் தவிர வேறு சோதனைக்கூடம் இல்லை. இயற்கையில் கங்கையை ஒரு நாள்கூட நிறுத்திப் பார்க்க முடியாது.

கேள்வி: கடலில் இரும்பைத் தூவி நுண்பாசியைப் பெருக்கினால், அது கார்பனை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும், புவி வெப்பமடைதல் குறையும் என்கிறார்களே, உண்மையா?
— ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தஞ்சாவூர்

வயலுக்கு நுண்ணூட்டம் இடுவதைப் போன்ற இந்த யோசனை, வேளாண்மை அறிந்தவரை ஈர்ப்பது இயல்பு. மேலே வளைகோட்டுக்காகக் குறிப்பிட்ட அதே ஜான் மார்ட்டின்தான் இதையும் முன்வைத்தவர். அண்டார்டிக்காவைச் சூழ்ந்த தென்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எஞ்சிக் கிடந்தும் நுண்பாசிகள் பெருகாததற்கு இரும்புக் குறைவே காரணம் என்ற அவருடைய கருத்து, பிற்காலச் சோதனைகளால் உறுதியாயிற்று. இரும்பு இட்டால் பாசி பெருகும் என்பதில் ஐயமில்லை. பெருகியது எங்கே போகிறது என்பதே கேள்வி.

துகள் சிதையும் ஆழத்துக்கும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2009இல் வெளிவந்த ஒரு மாதிரி ஆய்வில், விழும் கார்பனில் 63 சதவீதம் சிதைந்து முடியும் ஆழத்தை உலகம் முழுவதும் வெறும் 24 மீட்டர் கீழே தள்ளிப் பார்த்தார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 10 முதல் 27 பங்கு வரை குறைந்தது. மேலே எவ்வளவு விளைந்தது என்பதைக் கூட்டாமலேயே, சிதையும் ஆழத்தைச் சற்று மாற்றியதற்கே இவ்வளவு விளைவு. அந்த ஆழம் அதே அளவு மேலேறினால் எதிர்விளைவும் அப்படியே நிகழும். கடல்நீர் சூடாகும்போது பாக்டீரியாக்கள் வேகமாகச் செயல்பட்டுத் துகளை மேலேயே சிதைத்துவிடக்கூடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இதுதான்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவும் ஜெர்மனியும் இணைந்து ‘லோஹாஃபெக்ஸ்’ என்ற சோதனையைத் தென் அட்லாண்டிக்கில் நடத்தின. லோஹா என்பது இந்தியில் இரும்பு. ‘போலார்ஸ்டெர்ன்’ என்ற ஜெர்மானிய ஆய்வுக்கப்பலிலிருந்து 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கலந்து, 39 நாள் கூடவே இருந்து கண்காணித்தார்கள். எதிர்பார்த்தபடி நுண்பாசி பெருகியது. ஆனால் அந்த நீரில் சிலிக்கேட் குறைவாக இருந்ததால், கண்ணாடி போன்ற ஓடு கட்டும் டயட்டம் வகைகளால் வளர முடியவில்லை. ஓடில்லாத சிறு பாசிகளே வளர்ந்தன. அவற்றைக் கோபிபாட் என்னும் நுண்விலங்குகள் மேய்ந்தன. கோபிபாடுகளைச் சற்றுப் பெரிய ஆம்பிபாடுகள் உண்டன. உண்டதும் கழித்ததும் மேலடுக்கிலேயே சுழன்று, ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பமாகவே இருந்தது.

அந்த நீரில் சிலிக்கேட் ஏன் குறைந்தது என்பதற்கான காரணமும் விழும் துகள்தான். அண்டார்டிக்காவை ஒட்டிய கடலில் டயட்டம்கள் இறந்து விழும்போது உடற்பொருள் மேலேயே விரைவில் சிதைந்துவிடுகிறது. ஓடோ மெதுவாகக் கரைவதால் மிக ஆழத்துக்குச் சென்ற பிறகே சிலிக்கேட்டை விடுகிறது. அதனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மேல்நீரில் மீண்டும் கிடைக்க, சிலிக்கேட் மட்டும் தெற்கின் ஆழத்தில் சிறைப்படுகிறது. அங்கிருந்து வடக்கு நோக்கி நழுவிச் செல்லும் நீரில் நைட்ரேட் இருக்கும், சிலிக்கேட் இராது. அந்த நீர்தான் வெப்பமண்டலக் கடல்களின் அடியில் பரவிப் பிறகு மேலே கசிகிறது. தென் அட்சம் 30 பாகைக்கு வடக்கே உள்ள கடல்களின் உயிர் உற்பத்தியில் நான்கில் மூன்று பங்குக்கு அதுவே சத்தூட்டுகிறது என்று 2004இல் வெளியான மாதிரி ஆய்வு கணக்கிட்டது. ஆகவே தெற்கே பெரிய அளவில் இரும்பைத் தூவி, எஞ்சிய நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அங்கேயே செலவழித்து ஆழத்துக்கு அனுப்பிவிட்டால், சில பத்தாண்டுகள் கழித்து வெப்பமண்டலக் கடல்களுக்கு வந்துசேர வேண்டிய எரு குறையும். மேல்மடையில் தண்ணீரை எடுத்துவிட்டால் கடைமடை காய்வதைத் தஞ்சையில் இருக்கும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரும்புத் திட்டத்தைப் பரிந்துரைப்பவர்கள், தூவிய இடத்தில் இறங்கும் கார்பனோடு, இந்தக் கடைமடையில் குறையும் விளைச்சலையும் தங்கள் கணக்கில் காட்ட வேண்டும்.